வெண்ணெய் காபி ஒன்பது வாரம் குடித்தேன், எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 171. நிறுத்தவா, தொடரவா?

ஓசூர்_ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 10:40

மாங்காய் மண்டி விலை இழையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் நான். இன்று சொந்தக் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. வீடு ஓசூர், வேலை எலக்ட்ரானிக் சிட்டி. காலையில் தின்ற ஆறு இட்லி அத்திப்பள்ளி நெரிசலிலேயே செரித்துவிடும், ஆபீஸ் போனதும் மறுபடி கேண்டீன். எடை 84. எங்கள் டீமில் ஒரு பையன் ஆறே மாதத்தில் சட்டை தொளதொளக்கும் அளவுக்கு இளைத்திருந்தான். என்னடா ரகசியம் என்றால், பெங்களூரில் ஒரு கடைக்குக் கூட்டிப் போய் 280 ரூபாய்க்குக் காபி வாங்கிக் கொடுத்தான். மேலே நுரை, நிறம் நம் ஃபில்டர் காபி மாதிரியே. வாயில் வைத்தால் பால் இல்லை, வெண்ணெய்.

செய்முறை இதுதான்: பால், சர்க்கரை இல்லாத காபி ஒரு டம்ளர், உப்பில்லாத வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, எம்சிடி எண்ணெய் (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்தது) ஒரு மேசைக்கரண்டி. நன்றாக அடித்துக் குடித்துவிட்டு மதியம் வரை வேறு எதுவும் கிடையாது. எம்சிடி பாட்டில் விலையைப் பார்த்துவிட்டு நான் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்க்கு மாறினேன்.

முதல் நாள் ஃபிரிட்ஜில் இருந்த மஞ்சள் வெண்ணெயைப் போட்டேன். அது உப்பு போட்டது. கண்ணீரில் காபி போட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் ஆவின் சமையல் வெண்ணெய் வாங்கி, கொதிக்கக் கொதிக்க மிக்சி ஜாரில் ஊற்றி மூடியை அழுத்திப் பிடித்து ஓட்டினேன். ஒரு விநாடிதான். ஆவி முட்டி மூடி பறந்தது. டியூப்லைட், காலண்டர், என் கை, எல்லாம் காபி. கையில் இரண்டு கொப்புளம். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சரி, மிக்சி வேண்டாம், மத்து இருக்கிறதா என்று கேட்டேன். "வெண்ணெய் எடுக்கத்தான் மத்து. எடுத்த வெண்ணெயைத் திரும்பக் கரைக்க மத்து கேட்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். ஆனால் கொடுத்தார்.

ஒன்பது வாரம் குடித்தேன். பசி உண்மையிலேயே தெரியவில்லை. எடை 79.5. போன வாரம் ரத்தப் பரிசோதனை. பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்துப் போடுகிறேன்.

எல்டிஎல்: முன்பு 118, இப்போது 171.
ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பு): முன்பு 196, இப்போது 138.
எச்டிஎல் (நல்ல கொழுப்பு): முன்பு 41, இப்போது 47.

டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட்டையே பார்த்தார். வெண்ணெயை நிறுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து வா, குறையாவிட்டால் மாத்திரை என்றார். அந்தப் பையனோ, ட்ரைகிளிசரைடு குறைந்து எச்டிஎல் ஏறியிருக்கிறதே, கொண்டாடுங்கள் சார் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?


தொப்பூர்_இறக்கம் | செவ்வாய், இரவு 11:05

280 ரூபாய்க்கு எங்கள் ஊரில் வெண்ணெயே வாங்கிவிடலாமே அண்ணா, கடைக்காரர் காபியை இலவசமாகக் கொடுத்தாரா?

அது போகட்டும். எங்கள் தாத்தா களி உருண்டையில் குழி போட்டு வெண்ணெய் வைத்துச் சாப்பிட்டு 90 வயது வரை இருந்தார். எல்டிஎல் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. பயப்படாமல் குடியுங்கள்.


பேலியோ_பர்கூர் | புதன், காலை 6:20

ஓசூர் அண்ணா, வாழ்த்துகள். ட்ரைகிளிசரைடு 58 புள்ளி இறங்கியிருக்கிறது, அதைப் பாருங்கள். மாவுச்சத்தைக் குறைத்ததன் பலன் அது. நான் நான்கு வருடமாகப் பேலியோ, அதாவது மாவுச்சத்தைக் குறைத்துக் கறி, முட்டை, கொழுப்பு என்று சாப்பிடும் முறை. காலையில் பட்டர் டீ அல்லது பட்டர் காபி, மதியம் முட்டை, இரவு கறி. 96 கிலோவில் இருந்து 74. சர்க்கரை மாத்திரை நின்றது. எனக்கும் முதலில் எல்டிஎல் ஏறியது, நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரே ஒரு தப்பு செய்திருக்கிறீர்கள். பாக்கெட் வெண்ணெய் வேண்டாம். புல் மேய்ந்த மாட்டு வெண்ணெய்தான் இதற்குச் சரி. நம் மாவட்டத்திலேயே பர்கூர் மாடு இருக்கும்போது வெளியில் எதற்குத் தேட வேண்டும்?


ஆலம்பாடி_கொம்பு | புதன், காலை 7:02

பர்கூர்க்காரரே, பல் விளக்குவதற்கு முன்னால் சண்டை போட வைக்கிறீர்கள். பர்கூர் மாடு உங்கள் பர்கூர் மாடு இல்லை! அது ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கத்துப் பர்கூர் மலை மாடு. செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டு இருக்கும். நம் கிருஷ்ணகிரிப் பர்கூரில் கிரானைட்டும் ஜவுளிக் கடையும்தான் பிரபலம். நம் பக்கத்து மாடு என்றால் ஆலம்பாடி, பென்னாகரம் காவிரிக் கரைப் பக்கம். அதுவும் உழவுக்கும் வண்டிக்குமான மாடு. கன்று குடித்தது போக உங்களுக்கு மிஞ்சும் பாலில் வெண்ணெய் எடுத்தால் நெற்றியில் பொட்டு வைக்கலாம், காபிக்குப் பற்றாது.

இன்று நம் ஊரில் பால் கறப்பது கலப்பின மாடு. தின்பது நேப்பியர் புல், சோளத்தட்டு, ராகித்தாள், மேலே தவிடும் புண்ணாக்கும். இதில் 'புல் மட்டும் மேய்ந்த' வெண்ணெயை யார் கொடுப்பார்? பச்சைத் தீவனம் தின்ற பசுவின் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும், அது பீட்டா கரோட்டின் என்ற நிறமி. எருமை வெண்ணெய் வெள்ளையாக இருக்கும். நிறத்தில் வித்தியாசம் உண்டு, சத்திலும் கொஞ்சம் உண்டு. ஆனால் இரண்டிலுமே பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். மாடு எங்கே மேய்ந்தது என்று எல்டிஎல் விசாரிக்காது.


பேலியோ_பர்கூர் | புதன், காலை 7:15

மாட்டு விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். சொந்த ஊர்ப் பாசத்தில் உளறிவிட்டேன். கொழுப்பு விஷயத்தில் இன்னும் தோற்கவில்லை.


இழைக்_காவல் | புதன், காலை 7:40

மாட்டுச் சண்டை தொடர்ந்தால் தனி இழைக்கு மாற்றப்படும். ஏற்கெனவே கறவை மாடு இழை ஒன்று 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.


பென்னாகரத்து_அக்கா | புதன், காலை 11:30

தொப்பூர் தம்பிக்கு ஒரு வார்த்தை. தாத்தா களியில் வெண்ணெய் வைத்துச் சாப்பிட்டது தினமுமா, பண்டிகைக்கா என்று பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு எருமை. அம்மா விடிகாலையில் தூணில் கயிறு கட்டித் தயிர் கடைவார். நான்கு நாள் வெண்ணெயை மோரில் மிதக்கவிட்டுச் சேர்த்து, சந்தை நாளில் பூவரச இலையில் வைத்துக் கொண்டுபோவார். அந்தக் காசில்தான் உப்பு, மிளகாய், எங்களுக்கு நோட்டுப் புத்தகம். வீட்டுக்கு மிஞ்சியது மோர். களியைக் கரைத்து மோர் ஊற்றிக் குடித்து வளர்ந்தோம். வெண்ணெய் என்றால் மத்தில் ஒட்டியிருப்பது. அதை நக்குவதற்கு எனக்கும் தம்பிக்கும் முறை வைத்திருந்தார் அம்மா, இன்று நீ, நாளை அவன். மத்தின் பல் இடுக்கில் இருப்பதைச் சுண்டு விரலால் தோண்டி எடுப்பேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, ஆனால் அளவு பார்த்தால் கால் ஸ்பூன் கூட வராது.

'அந்தக் காலத்தில் வெண்ணெயாய்ச் சாப்பிட்டார்கள்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். வெண்ணெய் விற்ற வீட்டில் கேட்டால்தான் தெரியும்.


தொப்பூர்_இறக்கம் | புதன், மதியம் 12:10

அக்கா, அப்பாவிடம் கேட்டேன். "வெண்ணெயா? நல்லெண்ணெய்டா அது, அதுவும் தீபாவளிக்கு" என்கிறார். வாபஸ்.


பாலக்கோடு_ஸ்டாஃப்நர்ஸ் | புதன், இரவு 9:15

ட்யூட்டி முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சுமார் 14 கிராம். அதில் ஏறத்தாழ 100 கலோரி, 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நீங்கள் போடுவது இரண்டு. தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி 120 கலோரி, அதில் 11, 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. ஆக ஒரு டம்ளரில் 320 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 25 கிராம் வாக்கில். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பு பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது சுமார் 22 கிராம். உங்கள் காலை டம்ளரிலேயே அன்றைய கோட்டா தாண்டிவிட்டது. அதன் பிறகு மதியத் தயிர், சாயங்கால பஜ்ஜி, இரவு குழம்பு எல்லாம் மேல் கணக்கு.

எடை ஏன் குறைந்தது? 320 கலோரி என்பது ஐந்து இட்லிக்குச் சமம். நீங்கள் ஆறு இட்லி, சட்னி, அப்புறம் கேண்டீன் என்று சாப்பிட்ட இடத்தில் இதை மட்டும் வைத்தீர்கள். குறையத்தான் செய்யும். கொழுப்பு இரைப்பையில் இருந்து மெதுவாக இறங்கும், காபியும் பசியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மந்திரம் இல்லை. ட்ரைகிளிசரைடு குறைந்ததும் எடை குறைந்ததாலும் மாவு, சர்க்கரை குறைந்ததாலும்தான். அதற்கு வெண்ணெய்க்கு மாலை போட வேண்டாம்.

தேங்காய் எண்ணெயும் எம்சிடியும் ஒன்றில்லை. எம்சிடி பாட்டிலில் இருப்பது கேப்ரிலிக், கேப்ரிக் என்ற இரண்டு நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். குடலில் இருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் சீக்கிரம் கீட்டோனாக (சர்க்கரைக்குப் பதில் உடம்பு எரிக்கும் பொருள்) மாறும். தேங்காய் எண்ணெயில் இவை இரண்டும் சேர்ந்தே 15 சதவீதத்துக்குள்தான். பாதி அளவு லாரிக் அமிலம், அதில் பெரும்பகுதி சாதாரணக் கொழுப்பு போகும் வழியில்தான் போகும். பாட்டிலில் எழுதியிருக்கும் பலனை நம்பித் தேங்காய் எண்ணெய் குடிப்பது, பஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டு ரயிலில் ஏறுவது மாதிரி.

இனி நான் எழுத வந்த விஷயம். இந்த இழையைச் சர்க்கரை நோயாளிகளும் படிப்பார்கள். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் காலை உணவை வெட்டினால் சர்க்கரை படாரென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, பைக்கிலிருந்து விழுந்து வருகிறவர்களைப் பார்க்கிறோம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் வேறு ஆபத்து. ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே உடம்பில் கீட்டோ அமிலம் கூடும். குளுக்கோமீட்டர் நல்ல பிள்ளை மாதிரி எண் காட்டும், ஆள் வாந்தியும் மூச்சிரைப்புமாகக் கிடப்பார். பித்தப்பையில் கல் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் இவ்வளவு கொழுப்பைக் குடித்துவிட்டு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு வருவார்கள். ட்ரைகிளிசரைடு ஏற்கெனவே பல நூறு இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

ஓசூர் தம்பி, உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.


பேலியோ_பர்கூர் | புதன், இரவு 10:02

சிஸ்டர், மருந்து விஷயம் நூற்றுக்கு நூறு சரி. எங்கள் குழுவிலும் அதைத்தான் முதலில் கேட்போம். ஆனால் கொழுப்பு உணவே கெடுதல் என்றால் மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு மருத்துவத்திலேயே எப்படி வந்தது? வலிப்பு நோய்க் குழந்தைகளுக்கு நூறு வருடமாகக் கொடுக்கிறார்களே?


பாலக்கோடு_ஸ்டாஃப்நர்ஸ் | புதன், இரவு 10:20

கொடுக்கிறார்கள். 1921இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் அதற்குப் பெயர் வைத்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு, கிராம் கணக்கில் நிறுத்து, ரத்தம் சோதித்து, டாக்டர் மேற்பார்வையில் கொடுப்பது. ஆபீஸ் பையன் சொல்லி மத்தால் கடைந்து குடிப்பது அந்தக் கணக்கில் வராது சகோதரா.


லே_ரிட்டர்ன் | வியாழன், காலை 5:50

ராணுவத்தில் 17 வருடம். ஊர் ஊத்தங்கரைப் பக்கம். லடாக்கில் இருந்தபோது வெண்ணெய்த் தேநீர் குடித்தவன் என்கிற தகுதியில் எழுதுகிறேன்.

அங்கே அதற்குக் குர்குர் சாய் என்று பெயர். நீளமான மரக் குழாயில் தேயிலைச் சாறு, வெண்ணெய், உப்பு போட்டு ஒரு கழியால் மேலும் கீழும் குத்துவார்கள். அந்தச் சத்தம்தான் குர்குர். முதல் தடவை குடித்தபோது, ஆறிப்போன ரசத்தில் வெண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். டீ என்று நினைத்துக் குடித்தால் இறங்காது, சூப் என்று நினைத்தால் இறங்கும். லே நகரமே 3,500 மீட்டர் உயரம். காலையில் வாளித் தண்ணீர் கல்லாக இருக்கும். உதடு வெடித்து ரத்தம் வரும். அங்கே அந்த வெண்ணெய் உடம்புக்கு வேண்டியிருந்தது.

இந்த வெண்ணெய் காபியைக் கிளப்பிவிட்ட டேவ் ஆஸ்ப்ரே என்ற அமெரிக்கர், 2004இல் கைலாய மலைப் பக்கம் நடைப்பயணம் போனபோது யாக் வெண்ணெய்த் தேநீர் குடித்துத் தெம்பு வந்ததாகச் சொல்கிறார். ஊருக்குப் போய்த் தேயிலையை எடுத்துவிட்டுக் காபி, உப்பை எடுத்துவிட்டு எண்ணெய் என்று மாற்றி, 2009இல் இணையத்தில் செய்முறை போட்டார். 'புல்லட்புரூஃப்' என்று பெயர் வைத்தார். குண்டு துளைக்காத காபி. குண்டு துளைக்கிற இடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு.

அவர் எடுத்து வராத ஒன்று இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் வெறும் தேநீரோடு நிறுத்துவதில்லை. வறுத்த பார்லி மாவை அதிலேயே போட்டு, விரலால் பிசைந்து, உருண்டை பிடித்துச் சாப்பிடுவார்கள். திபெத்தில் அந்த மாவுக்குச் சம்பா என்று பெயர், நம் சம்பா நெல் இல்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த கெலமங்கலத்துப் பையன் "அண்ணா, களி!" என்று கத்திவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் அன்று இரண்டாவது உருண்டை கேட்டோம். மாவுச்சத்து ஆகாது என்கிற ஆட்கள் கொண்டாடுகிற பானம், மாவு உருண்டைக்குத் தொட்டுக்கையாக இருந்தது!


வாத்தியார்_ஓய்வு | வியாழன், காலை 9:30

லே நண்பர் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பர்கூர்த் தம்பி பட்டர் டீ என்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திபெத்தில் அந்தத் தேநீருக்குப் பயன்படுத்துவது செங்கல் தேயிலை. முற்றிய இலை, குச்சி எல்லாம் சேர்த்து அழுத்திய கட்டி. தேயிலைச் செடி மண்ணில் இருக்கும் ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்க்கும், இலை முற்ற முற்ற அளவு கூடும். அந்தத் தேநீரைக் காலம் முழுக்கக் குடித்த மக்களுக்குப் பல்லிலும் எலும்பிலும் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து வரும் பாதிப்பு) வந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

ஃபுளோரோசிஸ் என்றால் என்ன என்று நம் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு வகுப்பைச் சிரிக்கச் சொன்னால் போதும், போர்வெல் தண்ணீர்ப் பிள்ளைகள் யார் என்று தெரிந்துவிடும். பழுப்புக் கோடு போட்ட பல். குழுப் படம் எடுக்கும் நாளில் ஒரு பெண் பிள்ளை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கும். எத்தனை முறை சொன்னாலும் திறக்காது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பான் கடனுதவியோடு அதற்காக வந்தது, 2013இல் திறந்தார்கள்.

நல்ல தண்ணீரில் இரண்டு டம்ளர் டீ குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் இன்னும் போர்வெல்லை நம்பி இருக்கும் வீட்டில், டயட் என்ற பெயரில் நாளுக்கு ஐந்தாறு தடவை கெட்டி டீ போட்டுக் குடிப்பது நம் ஊருக்குப் பொருந்தாத பழக்கம். காபியில் ஃபுளோரைடு மிகக் குறைவு. அந்த ஒரு விஷயத்தில் ஓசூர் தம்பியின் காபி தேவலை.


பேலியோ_பர்கூர் | வியாழன், காலை 10:05

ஐயா, இது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இன்னும் போர்வெல்தான். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன்.


காரிமங்கலம்_டீமாஸ்டர் | வியாழன், மாலை 4:45

பைபாஸில் கடை வைத்திருக்கிறேன். பெங்களூர் கார்கள் நிற்கும் இடம். மூன்று வருடமாக மாதத்துக்கு நான்கைந்து பேராவது "அண்ணா, பட்டர் இருக்கா, பிளாக் காபியில போட்டுத் தர்றீங்களா" என்று கேட்பார்கள். பன் பட்டர் ஜாமுக்கு வைத்திருக்கும் வெண்ணெயை ஒரு தடவை போட்டுக் கொடுத்தேன். இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினேன், ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து. நுரை வந்தது. வாடிக்கையாளர் வீடியோ எடுத்தார். அவர் பணம் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் எண்ணெய் மேலே வட்டம் வட்டமாக வந்து நின்றுவிட்டது. டீ ஆற்றுவதில் எனக்கு 22 வருட அனுபவம், அந்த டம்ளரிடம் தோற்றேன்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, குடித்து முடித்துவிட்டு, "ரெண்டு மெதுவடை பார்சல்".


டிகாஷன்_பிரியன் | வியாழன், இரவு 8:10

டீமாஸ்டர் அண்ணா, ஆற்றினால் நிற்காது. கொழுப்பு துளித்துளியாக உடைய வேண்டும், அதற்கு மிக்சி வேகம் வேண்டும். வெண்ணெயில் கொஞ்சம் பால் புரதம் ஒட்டிக்கொண்டிருப்பதால் உடைந்த துளிகளைச் சிறிது நேரம் பிடித்து வைக்கும். நெய்யில் அது உருக்கும்போதே போய்விடும், அதனால் நெய் காபி இன்னும் சீக்கிரம் பிரியும். மிக்சியில் போடுகிறவர்கள் கொஞ்சம் ஆறவிட்டு, ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாமல், மூடிமேல் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று. காபிக் கொட்டையின் எண்ணெயிலேயே கஃபெஸ்டால் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதுவும் எல்டிஎல்லை ஏற்றும். காகித வடிகட்டியில் வடித்தால் பெரும்பாலும் காகிதத்தில் தங்கிவிடும். தூளைப் போட்டுக் கொதிக்கவைத்த காபியில் அதிகம் இறங்கும். நம் எவர்சில்வர் ஃபில்டரில் காகிதம் கிடையாது. தினம் ஒரு டம்ளருக்கு இது பெரிய விஷயம் இல்லை, ஆனால் எல்டிஎல் 171 இருக்கும்போது தெரிந்து வைத்துக்கொள்ளலாம். கணக்கில் முதல் குற்றவாளி வெண்ணெய்தான்.

அப்புறம் சிக்கரி. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே அனுமதிக்கிறது. 'சுத்தமான கறுப்புக் காபி' குடிக்கிறேன் என்று பாதி சிக்கரி வேரைக் குடிக்கும் அன்பர்கள் பலர்.


மாங்கொட்டை | வியாழன், இரவு 9:00

தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா, ஒரு வரியில் யாராவது சொல்லுங்களேன். வாட்ஸ்அப்பில் காலையில் அமிர்தம், மாலையில் விஷம் என்று வருகிறது.


பாலக்கோடு_ஸ்டாஃப்நர்ஸ் | வியாழன், இரவு 10:30

ஒரு வரியில் முடியாது, நான்கு வரி. 2018இல் கேம்பிரிட்ஜில் தினம் 50 கிராம் வீதம் நான்கு வாரம் சிலருக்கு வெண்ணெய், சிலருக்குத் தேங்காய் எண்ணெய், சிலருக்கு ஆலிவ் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல்லை ஏற்றியது வெண்ணெய். தேங்காய் எண்ணெய் ஆலிவ் எண்ணெய் அளவுக்கே நின்றது, நல்ல கொழுப்பான எச்டிஎல்லை ஏற்றியது. இதை வைத்து அமிர்தம் என்றார்கள். 2020இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 புள்ளி ஏற்றுகிறது என்று வந்தது. இதை வைத்து விஷம் என்றார்கள். பொரியலுக்குத் தாளிக்க ஒரு ஸ்பூன் விடுங்கள். டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டாம்.


பேலியோ_பர்கூர் | வியாழன், இரவு 10:55

சரி சிஸ்டர். வெண்ணெய் காபியை விட்டாலும் பேலியோவை விடமாட்டேன், முட்டையும் கீரையும் கறியும் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்டிஎல் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமை கொடுக்கிறேன், வெறும் வயிற்றில், வெண்ணெய் இல்லாமல்.


ஓசூர்_ஷிஃப்ட் | பத்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8:15

இழையைத் தூசி தட்டுகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகச் சிஸ்டருக்கு.

அன்று வியாழன் இரவே நிறுத்தினேன். முதல் வாரம் பதினொரு மணிக்குப் பசி கண்ணை இருட்டியது. இப்போது காலையில் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் அல்லது ராகிக் கூழில் மோர். பென்னாகரத்து அக்கா எழுதியதைப் படித்த பிறகுதான் கூழ் ஞாபகமே வந்தது. மாமியார் தயிர் கடைந்து மோரை எனக்கும் வெண்ணெயைத் தன் பேத்திக்கும் கொடுக்கிறார். காபி பழையபடி பாலோடு, சர்க்கரை அரை ஸ்பூன்.

நேற்று வந்த ரிப்போர்ட்: எல்டிஎல் 127. ட்ரைகிளிசரைடு 144. எச்டிஎல் 45. எடை 80.2. கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாம்பழ சீசன், மன்னித்துவிடுங்கள். டாக்டர் இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

நான் நிறுத்திவிட்டேன் என்று தெரியாமல் ஆபீஸ் பையன் பிறந்தநாள் பரிசாக எம்சிடி எண்ணெய் பாட்டில் ஒன்றைக் கொடுத்திருந்தான். சும்மா கிடக்கிறதே என்று வீட்டில் தோசைக்கல்லில் விட்டார்கள். கல் காய்ந்ததும் சமையலறை முழுக்கப் புகை, தோசை கருகியது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் அதிகச் சூட்டில் சமைக்க ஏற்றதல்ல என்று கடுகு எழுத்தில் போட்டிருக்கிறது.


பேலியோ_பர்கூர் | ஞாயிறு, காலை 9:00

மகிழ்ச்சி அண்ணா. என் எல்டிஎல் 188. டாக்டரைப் பார்த்துவிட்டேன், வெண்ணெய் நின்றது, கறியில் கொழுப்பை ஒதுக்குகிறேன். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு 2.1. குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர் பிடிக்கிறோம், அக்கா பையன் மினி டெம்போவில் குடம் ஏற்றி வருகிறான். வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கும்பிடு.


ஓசூர்_ஷிஃப்ட் | ஞாயிறு, காலை 9:20

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. அன்று வெண்ணெய் அடித்த மிக்சி ஜாரில் இன்னும் சிக்கு வாடை அடிக்கிறது. சட்னி அரைத்தால் சட்னியிலும் வருகிறது. என்ன செய்வது?


பென்னாகரத்து_அக்கா | ஞாயிறு, காலை 10:05

ஜாரில் இல்லை தம்பி, மூடிக்குள் இருக்கும் ரப்பர் கேஸ்கட்டில் இருக்கிறது. அதைக் கத்தி போடாமல் ஸ்பூன் காம்பால் நெம்பிக் கழற்றுங்கள். கடலை மாவை உலர்ந்தபடியே போட்டுத் தேய்த்து, அப்புறம் வெந்நீரில் கழுவி, ஒரு நாள் வெயிலில் வையுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் புதிது வாங்கிவிடலாம், சின்னச் செலவுதான். கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள், அளவு மாறிப்போனால் மறுபடி டியூப்லைட் துடைக்க வேண்டியிருக்கும்.